பிழைக்கும் திருத்தத்துக்கும் இடையே எத்தனை நாள்?

பெங்களூரின் ஈஜிபுராவில் மேம்பாலப் பணி 2017ஆம் ஆண்டு தொடங்கியது. ஈஜிபுராவிலிருந்து கோரமங்களாவின் கேந்திரிய சதன் சந்திப்பு வரை சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட பாலம் அது. பணி இடையில் தேங்கியது. 2022இல் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டு, 2023இல் வேறொரு நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தூண்கள் மட்டும் சாலை நெடுக நின்றன; ஒரு மிதிவண்டியும் மேலே ஏறவில்லை. பாலத்தின் இயல்பு அத்தகையது. முக்கால் பாலத்தால் எவருக்கும் பயனில்லை.

அதே ஈஜிபுராவின் குறுகிய தெருக்களில், தங்கும் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும், மென்பொருள் எழுதும் இளைஞர்கள் பெருந்தொகையினர் வாழ்கின்றனர். அவர்கள் கட்டுவதும் ஒருவகைப் பாலமே. ஆனால் அதன் இயல்பு வேறு. கால் பங்கு முடிந்த மென்பொருளும் பயன்படும். இன்று பணம் அனுப்பும் வசதியை மட்டும் தந்துவிட்டு, அடுத்த மாதம் கட்டணம் செலுத்தும் வசதியைச் சேர்க்கலாம். பயன்படுத்துவோர் சொல்வதைக் கேட்டு அதற்கடுத்த மாதம் இரண்டையும் திருத்தலாம். சிறு சிறு அடிகளாகச் செய்து, காட்டி, கேட்டுத் திருத்தும் இந்த முறைக்கு மென்பொருள் உலகில் ‘அஜைல்’ என்று பெயர். வாடிக்கையாளரின் சேமிப்பைக் காக்கும் வங்கிக்கு இம்முறை பொருந்துமா என்னும் கேள்விக்கு எங்கள் கருத்தை இங்கே முன்வைக்கிறோம். பொருந்தும் என்பதே எங்கள் முடிவு. ஆயினும் சில நிபந்தனைகளோடு மட்டுமே பொருந்தும்.

இருவேறு முறைகள்

நெடுங்காலம் மென்பொருளையும் பாலத்தைப் போலவே கட்டிவந்தனர். தேவைகளைப் பட்டியலிடுவது முதற்கட்டம், அடுத்து வடிவமைப்பு, பின்னர் நிரல் எழுதுதல், அதன்பின் சோதனை, இறுதியில் ஒப்படைப்பு. ஒரு கட்டம் முடிந்த பின்னரே அடுத்த கட்டம் தொடங்கும். மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு நீர் விழுவது போன்ற அமைப்பாதலின் இதனை ‘அருவி முறை’ என்றனர். இதன் மூலமாகக் காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையும் அதிலுள்ள வரைபடமும். சோதனையைக் கடைசிக்குத் தள்ளும் அந்த எளிய அமைப்பு ஆபத்தானது என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்திருந்தார். வரைபடம் உலகெங்கும் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை.

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்னும் மலைவாச விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினர். 4 மதிப்புகளையும் 12 நெறிகளையும் கொண்ட சுருக்கமான அறிக்கை அங்கிருந்து பிறந்தது. கனத்த ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருள் மேலானது. ஒப்பந்த வாசகத்தைப் பற்றி வாதிடுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து பணியாற்றுவது மேலானது. திட்டத்தைக் கண்மூடிப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேலானது என்பன அதன் சாரம்.

நடைமுறையில் இது எவ்வாறு இயங்குகிறது? இவ்வகை முறைகளுள் பெரிதும் பின்பற்றப்படும் ‘ஸ்க்ரம்’ முறையைக் காண்போம். ஏறத்தாழப் பத்துப் பேருக்கு மிகாத குழு. செய்யவேண்டிய பணிகள் முன்னுரிமைப்படி ஒரே பட்டியலில் இருக்கும். எது முதலில், எது பின்னர் என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கும். இரண்டு வாரம் போன்ற குறுகிய காலச்சுற்றை வகுத்துக்கொண்டு, அதற்குள் முடிக்கக்கூடிய அளவு பணியை மட்டும் குழு எடுத்துக்கொள்ளும். நாள்தோறும் 15 நிமிடக் கூட்டம் ஒன்று நடக்கும். சுற்றின் முடிவில், இயங்கும் மென்பொருளை அதனைப் பயன்படுத்துவோர் முன் வைத்துக் கருத்துக் கேட்பார்கள். பின்னர், தாங்கள் பணியாற்றிய விதத்தில் எது சரி, எது பிழை என்று தமக்குள் ஆராய்வார்கள். உடனே அடுத்த சுற்று தொடங்கும்.

பேரேடு கற்பித்த பாடம்

இது முற்றிலும் புதிய சிந்தனை என்று வணிகவியல் பயின்றோர் எவரும் கருதமாட்டார்கள். வங்கியில் ஒவ்வொரு நாளும் காசாளர் தம் கையிருப்பைக் கணக்கோடு ஒப்பிட்டு நேர் செய்த பின்னரே பெட்டகம் மூடப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணினால் போதாதா என்று எவரும் கேட்பதில்லை. இன்று நேர்ந்த நூறு ரூபாய் வேறுபாட்டை இன்று மாலையே தேடினால், அது எந்தச் சீட்டில் பிழைத்தது என்று அரை மணி நேரத்தில் கண்டுவிடலாம். அதே வேறுபாட்டை மார்ச் 31ஆம் நாள் தேடினால், ஓராண்டுச் சீட்டுகளையும் புரட்டவேண்டும். பேரேட்டிலிருந்து அவ்வப்போது இருப்பாய்வு எடுப்பதும், வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரிப்பதும் இதே நோக்கத்துக்காகவே. பிழைக்கும் அது கண்டுபிடிக்கப்படும் நாளுக்கும் இடைவெளி வளர வளர, திருத்தும் செலவும் வளர்கிறது.

அஜைல் என்னும் சொல்லுக்குச் சுறுசுறுப்பு, விரைவு என்றெல்லாம் பொருள் கொள்கின்றனர். அதனால் இம்முறையே அவசர வேலை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. எங்கள் பார்வையில் இதன் சாரம் வேகத்தில் இல்லை. பிழைக்கும் திருத்தத்துக்கும் இடையிலான நாள்களைக் குறைப்பதில் இருக்கிறது. அந்த நாள்களைக் குறைக்காமல் வெளியீடுகளை மட்டும் பெருக்கும் குழு, எப்பெயரைச் சூட்டிக்கொண்டாலும், நாள்தோறும் சீட்டு எழுதிவிட்டுக் கணக்கை நேர் செய்யாத காசாளரைப் போன்றதே.

யுபிஐ வளர்ந்த விதம்

நம் வாசகர் அனைவரும் அறிந்த ஒரு சான்றைக் காண்போம். ஈஜிபுராவின் பூக்கடையிலும் தேநீர்க் கடையிலும் இன்று ஒட்டப்பட்டிருக்கும் கியூஆர் அட்டைக்குப் பின்னால் இயங்கும் யுபிஐ, ஒரே நாளில் முழுமையாக வந்துசேர்ந்த ஒன்றல்ல. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் உருவாக்கிய இந்த அமைப்பின் பிறப்பில், பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்பிரிட் என்னும் அமைப்பின் தன்னார்வத் தொழில்நுட்பர்களுக்கும் பங்குண்டு. அதனை உருவாக்கியோர் தம் முறையை எந்தப் பெயரால் அழைத்திருந்தாலும், சிறு அடிகளின் பயனை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

2016 ஏப்ரல் 11ஆம் நாள், அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் 21 வங்கிகளுடன் முன்னோட்டத்தைத் தொடங்கிவைத்தார். பொதுமக்களுக்கான வங்கிச் செயலிகள் ஆகஸ்ட் இறுதியில்தான் வெளிவந்தன. டிசம்பர் 30ஆம் நாள் பீம் செயலி வந்தது. அந்த டிசம்பர் மாதத்தில் நடந்த பரிவர்த்தனைகள் சுமார் 20 லட்சம். 2018 ஆகஸ்டில் இரண்டாம் பதிப்பு வந்தது. தானாகத் தவணை செலுத்தும் வசதி 2020இலும், சாதாரணக் கைப்பேசிக்கான 123பே வசதி 2022 மார்ச்சிலும் சேர்ந்தன. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளை யுபிஐ தாண்டியது. 20 லட்சத்தைச் சுமக்கும்போதே பல பிழைகள் தெரிந்து திருத்தப்பட்டதால்தான் 2,000 கோடியைச் சுமக்க முடிந்தது.

இவ்வளர்ச்சியில் நாங்கள் பெரிதும் மதிப்பது, பணத்தின் அளவைச் சிறிதாக வைத்துத் தொடங்கிய எச்சரிக்கையே. கடவு எண் இல்லாமல் சிறு தொகை செலுத்தும் யுபிஐ லைட் 2022 செப்டம்பரில் வந்தபோது, ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்த இருப்பு 2,000 ரூபாய் என்பவை வரம்புகள். கைப்பேசி தொலைந்தாலும் இழப்பு 2,000 ரூபாயைத் தாண்டாது. ஓராண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் ஒரு முறைக்கான வரம்பு 500 ரூபாய் ஆயிற்று. 2024 டிசம்பரில் அது 1,000 ரூபாயாகவும் மொத்த இருப்பு 5,000 ரூபாயாகவும் உயர்ந்தன. குழந்தையை முதல் நாளே ஆழ்கிணற்றில் இறக்கி எவரும் நீச்சல் பழக்குவதில்லை. பணத்தில் சோதனை செய்வதாயின், சோதனை தோற்றால் ஏற்படும் இழப்பை முன்கூட்டியே கட்டிவைக்கவேண்டும்.

சேர்ப்பது மட்டுமன்றி நீக்குவதும் திருத்தமே. பணம் கேட்டு மற்றொருவருக்கு வேண்டுகோள் அனுப்பும் வசதி நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. நண்பர்கள் உணவகச் செலவைப் பகிர்ந்துகொள்ள அது உதவியது. ஆனால், ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது; பெற்றுக்கொள்ளக் கடவு எண்ணை இடுங்கள்’ என்று ஏமாற்றுவோரும் அதனைப் பற்றிக்கொண்டனர். கடவு எண்ணை இட்டவுடன் பணம் வருவதற்கு மாறாகப் போயிற்று. முதலில் தனிநபர் வேண்டுகோளுக்கு 2,000 ரூபாய் வரம்பு இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியே நிறுத்தப்பட்டது. தாம் கட்டியதைத் தாமே இடிக்கும் துணிவு இல்லாத குழுவுக்கு இம்முறை கைவராது. இடித்தது சரி, இன்னும் சில ஆண்டுகள் முன்னரே இடித்திருக்கலாம் என்பதும் எங்கள் கருத்து. ஏமாந்தோர் கிளைக்கு வந்து சொன்ன செய்தியே அங்கு எச்சரிக்கை மணி. அம்மணி ஒலித்த நாளுக்கும் செவியுற்ற நாளுக்கும் இடையே கழிந்த நாள்களின் விலையைச் செலுத்தியோர் வாடிக்கையாளர்கள்.

ஒரே மூச்சில் மாறிய வங்கி

எதிர்ச்சான்று ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. டிஎஸ்பி என்னும் வங்கி, 2018 ஏப்ரல் மாதத்து வார இறுதி ஒன்றில், தன் வாடிக்கையாளர் 52 லட்சம் பேரின் கணக்குகளைப் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. கணக்கு விவரங்கள் பத்திரமாகவே போய்ச்சேர்ந்தன. ஆனால் புதிய தளம் தாங்கவில்லை. இணையம், கைப்பேசி, கிளை என எல்லா வழிகளிலும் சேவை தடுமாறியது. வழக்க நிலை முழுமையாகத் திரும்ப டிசம்பர் மாதம் ஆயிற்று. பெரும்பகுதியை ஒரே மூச்சில் மாற்றிய முடிவு தக்கவாறு ஆராயப்படவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வறிக்கை குறை கூறியது. 2022 டிசம்பரில் அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன.

நம் நாட்டு வங்கிகள் மைய வங்கி அமைப்புக்கு மாறிய காலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அம்மாற்றம் பெரும்பாலும் கிளை கிளையாக நடந்தது. அதற்கும் முன்னர், கணினி முதன்முதலில் கிளைக்குள் நுழைந்த நாள்களில், கைப்பேரேடும் கணினியும் சில காலம் அருகருகே இயங்கின. இரண்டும் ஒரே இருப்பைக் காட்டிய பின்னரே பேரேடு மூடப்பட்டது. இரட்டை வேலை என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த இரட்டை வேலையே வாடிக்கையாளரின் பணத்துக்குக் கிடைத்த காப்பு.

மறுப்போர் சொல்வது

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளுள் இரண்டினை நாங்கள் இலேசாகத் தள்ளுவதில்லை.

முதலாவது: பொழுதுபோக்குச் செயலியில் பிழை நேர்ந்தால் ஒரு மாலை வீணாகும், வங்கிச் செயலியில் பிழை நேர்ந்தால் மருத்துவமனையில் பணம் கட்ட இயலாமல் ஒருவர் நிற்பார். ஆதலின் ‘வெளியிட்டுப் பார்ப்போம், பின்னர் திருத்துவோம்’ என்னும் போக்கு வங்கிக்கு ஆகாது. இது முற்றிலும் உண்மை. ஆனால் இதற்கு மருந்து அருவி முறைக்குத் திரும்புவதன்று. டிஎஸ்பி வங்கிக்கு நேர்ந்தது அதற்குச் சான்று. எல்லார்க்கும் ஒரே நாளில் வெளியிடாமல், முதலில் ஊழியர்கள், பின்னர் சில ஆயிரம் வாடிக்கையாளர்கள், அதன்பின் அனைவரும் என்று படிப்படியாகத் திறப்பதே மருந்து. ஒவ்வொரு படியிலும் பழைய நிலைக்கு உடனே திரும்பும் வழி திறந்திருக்கவேண்டும்.

இரண்டாவது: ஓயாத மாற்றம் வாடிக்கையாளரைக் களைப்படையச் செய்கிறது. எழுபது வயது ஓய்வூதியர் ஒருவர், பேரன் துணையோடு மூன்று மாதம் பழகி, இருப்பு பார்க்கும் பொத்தான் இருக்கும் இடத்தை மனத்தில் பதித்திருப்பார். ஒருநாள் காலையில் அது வேறிடத்தில் இருக்கும். மென்பொருள் குழுவின் கணக்கில் அது இரண்டு வார வேலை; அவர் கணக்கில் மூன்று மாத உழைப்பு வீண். கிளைக்கு வந்து வரிசையில் நிற்பார், அல்லது அறிமுகமற்ற ஒருவரிடம் கைப்பேசியை நீட்டி உதவி கேட்பார். இரண்டாவது வழியின் ஆபத்தை விளக்கவேண்டியதில்லை. கடவு எண் பிறர் அறிய நேர்வதன் தொடக்கம் பல வேளைகளில் இப்படிப்பட்ட உதவியே.

பேசாதோர் திருப்தியடைந்தோர் அல்லர்

இங்குதான் இம்முறையின் பெரிய குறையை நாங்கள் காண்கிறோம். கேட்டுத் திருத்துவதே இதன் அடிப்படை என்றால், யாரிடம் கேட்கப்படுகிறது என்பதே முதன்மையான கேள்வி. செயலிக்கு நட்சத்திரக் குறி இடுவோரும், ஆங்கிலத்தில் கருத்து எழுதுவோரும் குழுவின் காதில் விழுகின்றனர். ஈஜிபுராவின் மென்பொறியாளர் சொல்லும் குறை, அடுத்த இரண்டு வாரச் சுற்றிலேயே இடம்பெறக்கூடும். அவர் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்மணியும் எங்கள் வாடிக்கையாளரே. அவர் குறை எழுதுவதில்லை. செயலியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுகிறார். குழுவின் புள்ளிவிவரத்தில் அவர் குறை சொல்லாதவர். அதனால் நிறைவடைந்தவர் என்று கொள்ளப்படுகிறார்.

மொழியும் இதற்கு ஒரு சான்று. பீம் செயலி வெளியான நாளில் அதில் இருந்தவை இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டு மொழிகளே. தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகள் அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்ந்தன. சிறு அடிகளாக முன்னேறும்போது யாராவது கடைசி அடிக்குக் காத்திருக்கவேண்டியிருக்கும். எப்போதும் அதே மக்களே காத்திருக்க நேர்ந்தால், அதனை முறையின் இயல்பு என்று ஏற்கமுடியாது. முன்னுரிமைப் பட்டியலை எழுதுவோரின் தேர்வு என்றே சொல்லவேண்டும்.

இதற்கு மாறான நல்ல சான்றும் உண்டு. பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டியைக் கடைகளில் காண்கிறோம். தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பவரின் இரு கைகளும் ஓய்வில்லை. கைப்பேசியை எடுத்துக் குறுஞ்செய்தி பார்க்க அவரால் இயலாது. போலித் திரைப்படத்தைக் காட்டிவிட்டுப் பணம் செலுத்தாமல் நகர்வோரும் இருந்தனர். கடையின் இந்த நிலையை நேரில் கண்டறிந்தவர்களுக்கே இத்தகைய தீர்வு தோன்றும். அதன் குரல் தமிழிலும் கன்னடத்திலும் ஒலிப்பது கடைக்காரருக்குச் செய்த சலுகை அன்று. அக்கருவி பயன்படுவதற்கான அடிப்படைத் தேவை.

எங்கள் பரிந்துரைகள்

மென்பொருள் குழுக்களிடமும் அவற்றுக்குப் பணி ஒப்படைக்கும் வங்கி நிர்வாகங்களிடமும் நாங்கள் நான்கினை வேண்டுகிறோம்.

ஒன்று, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நடக்கும் செயல்விளக்கத்தில் கிளை முகப்பில் பணியாற்றும் ஊழியர் ஒருவர் அமரவேண்டும். வாடிக்கையாளர் எங்கே தடுமாறுகிறார் என்பதை நாள்தோறும் பார்ப்பவர் அவரே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் அந்தத் தடுமாற்றம் வெறும் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டு, பணம் நகரும் எந்தப் புதிய வசதியும் சிறிய தொகை வரம்போடு தொடங்கவேண்டும். சோதனைக் காலத்தில் வாடிக்கையாளருக்கு நேரும் இழப்பை வங்கியே ஏற்கும் என்னும் உறுதியும் உடன் வரவேண்டும்.

மூன்று, செயலியின் முகப்பை மாற்றும்போது, பழைய முகப்பையும் சில மாதங்கள் விருப்பத்தேர்வாக வைத்திருக்கவேண்டும். ஊதியமும் ஓய்வூதியமும் வந்துசேரும் நாள்களிலும் ஆண்டுக்கணக்கு முடிக்கும் நாள்களிலும் எந்த வெளியீடும் கூடாது.

நான்கு, தமிழ் உள்ளிட்ட மொழிகளின் வாசகங்கள் அந்தச் சுற்றின் பணியாகவே அமையவேண்டும். எல்லாம் முடிந்த பின்னர் சொல்லுக்குச் சொல் மாற்றி ஒட்டப்படும் வாசகத்தால் வாடிக்கையாளர் குழம்புவார். ‘செலுத்து’ என்பதற்கும் ‘பெறு’ என்பதற்கும் இடையே நேரும் குழப்பம் பணச் செயலியில் வெறும் மொழிப்பிழையாக நின்றுவிடாது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் முறையீடு இம்முறையின் மூலப்பொருள். ‘செயலி சரியில்லை’ என்று சொல்வதைவிட, எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பரிவர்த்தனை எண், திரையில் எந்த வாசகம் தோன்றியது என்று எழுதித் தாருங்கள். அத்தகைய குறிப்பு குழுவின் பணிப்பட்டியலுக்கு நேராகச் செல்லக்கூடியது. முறையீட்டுக்கு உரிய எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். 30 நாள்களில் விடை வராவிட்டாலோ, வந்த விடையில் நிறைவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரை அணுக உங்களுக்கு உரிமையுண்டு. பணமோசடி என்று ஐயுற்றால் ஒரு நாளும் காத்திராமல் 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. அங்கும் நாள் கணக்கே தீர்மானிக்கிறது.

தம் செயலி எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது என்று வங்கிகள் பெருமையோடு சொல்வதுண்டு. வாடிக்கையாளர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: நான் சொன்ன குறை எத்தனை நாளில் தீர்ந்தது? அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு வங்கியும் தன் கிளைகளின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கும் நாள் வரவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.